ஒரே நெஞ்சில் படித்தது

2020 ஆகஸ்ட் 11

மறையூர் பஸ் இன்றும் வரவில்லை. வந்தாலும் போக இடமில்லை. கல்லூரி மூடி மாதங்களாகின்றன. மருத்துவம் இரண்டாம் ஆண்டு என்பது இப்போது ஒரு கைப்பேசி. தேயிலை எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், எங்கள் வீட்டுச் சன்னலில் சாய்த்து வைத்தால் மட்டும் படம் அசையும்.

இன்று இதயப் பரிசோதனை. பின்சி மேடம் கோவிட் வார்டு முடித்துக் காரில் உட்கார்ந்தபடியே வகுப்பெடுத்தார். கன்னத்தில் மாஸ்க் அழுத்திய கோடு. நோயாளிக்குப் பதில் ஒரு தலையணையைத் தொட்டுக் காட்டினார்.

"வீட்டுல யாரையாவது பிடிச்சுப் பழகுங்க. வேற வழியில்ல."

ஆகஸ்ட் 13

ஸ்டெதாஸ்கோப்பை மாட்டிக்கொண்டு அப்பாவைக் கேட்டேன். "எம்மேல அந்தக் குழாய வைக்காத தாயி, கூச்சமா இருக்கு." சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அம்மா வந்தாள். கொழுந்து வெட்டிய ஈரம் சேலையில் இன்னும் காயவில்லை. "எனக்கு வை. பீஸெல்லாம் கேக்க மாட்டேன்."

ஒரு வருடம் பிணங்களோடு இருந்துவிட்டு, முதன்முறையாக உயிருள்ள ஓர் இதயம். முதல் ஒலி கதவை அறைந்து சாத்துவதுபோல. பிறகு இரண்டாவது. அதன்பின் ஏதோ உருள்கிறது. தூரத்து மேட்டில் லாரி ஏறுவதுபோல.

"நல்லா ஓடுதா டாக்டரம்மா?"

"நார்மல்ம்மா."

ஆகஸ்ட் 20

என் நெஞ்சில் நானே வைத்துக் கேட்டேன். சன்னமாக இரண்டு தட்டல், பின்னால் ஒன்றுமில்லை. கோணம் சரியில்லை போல. இணையத்தில் கிடைக்கும் ஒலிப்பதிவும் அப்படித்தான் வெறுமையாக இருக்கிறது. கனத்த ஒலி போனில் வராதாம். அம்மாவுடையதுதான் தெளிவு.

செப்டம்பர் 2

வகுப்பில் கேட்டேன். இரண்டாம் ஒலிக்குப் பின் ஓர் உருளல், அது என்ன?

"யாருக்கு?"

"அம்மாவுக்கு, மேடம்."

"அம்மாவுக்கு ஏதாவது நோய் உண்டா?"

"இல்ல மேடம்."

"அப்போ துணி உரசுறதா இருக்கும். இல்லேன்னா மூச்சு. அடுத்தது யாரு?"

துணியை விலக்கிக் கேட்டேன். இருக்கிறது. மூச்சை நிறுத்தச் சொன்னேன். அம்மாவால் வெகுநேரம் முடியவில்லை. அப்போதும் இருந்தது.

அப்படியானால் எல்லோருக்கும் இருக்கும்.

அக்டோபர் 9

பரிசோதனையை வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். மதிப்பெண் உண்டு. இடப்பக்கம் ஒருக்களித்துப் படு, மூச்சை விட்டு நிறுத்து. வெளிச்சம் போதவில்லை, மறுபடி. அப்பா போனைப் பிடித்தார், கை ஆடியது, மறுபடி.

"சினிமாவுல நடிக்கப் போயிருந்தாக்கூட இத்தன தடவ படுக்கச் சொல்ல மாட்டாக" என்றாள் அம்மா.

கடைசி முறை நான் சொல்வதற்கு முன்பே அம்மா ஒருக்களித்துவிட்டாள். எழுதினேன்: இரு ஒலிகளும் தெளிவு. மிகை ஒலி இல்லை.

அக்டோபர் 15

முழு மதிப்பெண். "குழாய் வைக்கும் இடம் மிகச் சரி" என்று குறிப்பு.

நவம்பர் 18

அம்மா மேட்டில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாளாம். கங்காணி கோகுல்நாத் கேட்டாராம்: "டாக்டரப் பெத்தவுக இப்பமே ஓய்வெடுக்காகளோ?" அம்மா அதைச் சிரித்துக்கொண்டு சொன்னாள். சிரிக்கவும் மூச்சு வாங்கியது.

"மாஸ்க்தான்ட்டி. வேறொன்னுமில்ல."

டிஸ்பென்சரியில் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார்கள். நெகட்டிவ். வீட்டில் பாயசம். இந்த வருடம் மூச்சு முட்டினால் கேட்க ஒரே ஒரு கேள்விதான். அதற்கு விடை வந்துவிட்டது.

2021 ஜனவரி 7

கல்லூரி திறந்துவிட்டது. வார்டு. நோயைக் கேட்பதற்கு முன் நலமான நெஞ்சைக் கேளுங்கள் என்றார் பின்சி மேடம். கால் முறிந்து படுத்திருந்த பெருமாட்டி ஊர்ப் பெண் ஒருத்தி. "வையுங்க கண்ணு" என்றாள்.

இரண்டு தட்டல். பின்னால் ஒன்றுமில்லை.

குழாயை நகர்த்தினேன். ஒன்றுமில்லை. ஒருக்களிக்கச் சொன்னேன். ஒன்றுமில்லை.

"ஏனுங் கண்ணு, நின்னு போச்சுங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"மேடம், அந்த உருளல் கேக்கல."

"எந்த உருளல்?"

சொன்னேன். அவர் முகத்திலிருந்து சிரிப்பு போனது. "அது யாரோட நெஞ்சுல கேட்டுது மோனிஷா?"

மாலை

அம்மாவுக்குப் போன் செய்தேன். நாளைக்கே கிளம்பி வா. பொங்கல் கழியட்டும் என்றாள். ஏம்மா சொன்னா கேக்க மாட்டேங்குற — கத்திவிட்டேன்.

"நீதானட்டி நார்மல்னு சொன்ன?"

ஜனவரி 9

சுருங்கிய வால்வு. சிறுவயதுக் காய்ச்சல் விட்டுப்போவது. கதவை அறைவதுபோன்ற முதல் ஒலி, பின்னால் உருளல். புத்தகத்தில் அப்படியே இருக்கிறது. அந்தப் பாடம் எங்களுக்கு அடுத்த வருடம்தான்.

ஜனவரி 18

தேயிலைக் காட்டில் விழுந்துவிட்டாள். நெஞ்சில் உறைந்த ரத்தம் தலைக்கு ஏறியிருக்கிறது.

அப்பா போனில்: "கத்திரி கீழ விழுந்துருச்சு தாயி. குனிஞ்சு எடுக்கப் பாத்தா. கை போகல."

வலது கை.

பிப்ரவரி 24

எங்கள் வார்டில்தான் அம்மாவுக்குப் படுக்கை. வால்வை விரிக்கத் தேதி கொடுத்திருக்கிறார்கள். கை திரும்புமா என்று கேட்டால், பார்க்கலாம் என்கிறார்கள்.

இன்று எங்கள் அணிக்கு அம்மாதான் பாடம். "உனக்குக் கஷ்டம்னா வெளிய நில்லு" என்றார் பின்சி மேடம், என் முகத்தைப் பார்க்காமல். உள்ளேயே நின்றேன்.

திரையை இழுத்தார்கள். யாரும் சொல்வதற்கு முன்பே அம்மா இடப்பக்கம் ஒருக்களித்தாள். மூச்சை விட்டு நிறுத்தினாள்.

"நல்லா ஒத்துழைக்கிறாங்க" என்றாள் செல்வப்பிரியா, என் அறைத் தோழி.

"எம் மக பழக்கி வச்சது." வாய் லேசாகக் கோணியது.

ஒவ்வொருத்தியாகக் குனிந்து கேட்டார்கள். ஒவ்வொரு முகத்திலும் கேட்டுவிட்ட மகிழ்ச்சி. ஆகஸ்டில் என் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும்.

எல்லோரும் போனபின் அம்மா கேட்டாள்: "இந்தச் சத்தம் அப்பமே இருந்துச்சாட்டி?"

"இருந்துச்சும்மா."

"ஒனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

இடது கையால் வலது கையைத் தூக்கி வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள்.

"அப்ப ஒங் காதுல கோளாறு இல்ல. போ, போயிப் படி."