கேட்டுக்கு அந்தப் பக்கம் நீட்டிய கை

மச்சான்,

இன்று காலை பண்ணை வாசலில், உள்ளே வருகிறவர்கள் கால் நனைக்கிற தொட்டியைக் கழுவி, தண்ணீர் விட்டு, பிளீச்சிங் பவுடரைக் கொட்டிக் கலக்கினோம். எங்கேயோ கோழிகளுக்குச் சீக்கு என்று பேச்சு. பேச்சு கிளம்பினாலே போதும், நாமக்கல்லைச் சுற்றி எல்லாப் பண்ணை வாசலிலும் இந்த நாற்றம்தான். மூக்கில் ஏறியதும் கையிலிருந்த குச்சியைப் போட்டுவிட்டுக் கேட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். “ஏனுங்ண்ணா, ஆராச்சும் வாராங்களா?” என்று தீவனம் போடுகிற அம்மா கேட்டது. இல்லை என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

பள்ளிக்கூடத்தில் நீயும் நானும் ஒரே பெஞ்ச். நீ இங்கிலீஷ் படித்து வாத்தியாரானாய். எனக்குப் படிப்பு ஏறவில்லை, கோழிக்கு வந்துவிட்டேன். ஆனாலும் வாரம் ஒருதரம் பரமத்தி வேலூரிலிருந்து வண்டியை முறுக்கிக்கொண்டு வந்துவிடுவாய். செருப்போடு தொட்டியில் இறங்கி, “உன்ற ஊட்டுக்கு வாரதுக்குக் கோயிலுக்கு மேல சுத்தம் வேணுமாட்ட இருக்குதுடா” என்பாய். அப்போது உன்னை நன்றாகத் திட்டுவேன்.

ஊரடங்கு போட்டதும் உன் பள்ளிக்கூடத்தைப் பூட்டினார்கள். பாடம் நடத்தாமல் உன் வாய் சும்மா இருக்குமா? தினமும் சாயங்காலம் பொழுதோட போன் போட்டு என்னைப் பிடித்துக்கொள்வாய். ஒரு நாள், டிவியில் ஓயாமல் சொல்கிறார்களே பேண்டமிக் என்று, அந்த வார்த்தையைப் பிரித்து மேய்ந்தாய்.

“கிரேக்கச் சொல்லு மாப்ள. பேன்னுன்னா எல்லாம். டெமோஸ்னா சனங்க. அவங்க இருக்கற ஊருக்கும் அதே பேருதான். மொதமொதல்ல அது நோவுக்கு வெச்ச பேரே இல்ல தெரியுமா? எல்லாச் சனத்துக்கும் பொதுவா எது இருந்தாலும் அதச் சொல்றதுதான். நோவு அதுல வந்து ஒட்டிக்கிட்டது ரொம்பப் பின்னால.”

“அப்ப எபிடெமிக்குன்னு ஒண்ணு சொல்றாங்களே?”

“அது ஒரு ஊருக்குள்ள வந்து உக்காந்துக்கறது. இது ஒரு ஊரையும் உடாது. நம்ம ஆளுங்க பெருந்தொற்றுன்னு வெச்சிருக்காங்க. நல்ல பேருதான். ஆனா அதுல தொத்தறது தெரியுது, சனங்களக் காணோம் பாரு.”

எனக்கு எரிச்சல். முட்டை வண்டி செக்போஸ்ட்டைத் தாண்டுமா தாண்டாதா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறவனிடம் கிரேக்கம் பேசினால்? “போனை வெய்யிடா, உனக்கு வேற சோலி இல்ல” என்றேன். நீ சிரித்துக்கொண்டே வைத்தாய்.

அந்த மாசக் கடைசியில் உன் அம்மா போய்விட்டது. கொரோனா இல்லை, வயசுதான். தூக்கத்திலேயே போய்விட்டது என்று விடிந்ததும் நீயே கூப்பிட்டுச் சொன்னாய்.

பள்ளிக்கூடக் காலத்தில் நான் பாதி நாள் உங்கள் வீட்டில்தானே சாப்பிட்டேன். “சாமி, இன்னொரு வாய் தின்னுட்டுப் போ” என்று அந்த அம்மா என் வட்டிலில் போட்ட சோற்றுக்குக் கணக்கே இல்லை. அதன் முகத்தைக் கடைசியாகப் பார்க்க நான் வரவில்லை. இருபது பேருக்கு மேல் கூடக் கூடாதாமே என்றேன். பாஸ் கிடைக்கவில்லை என்றேன். முட்டை வண்டிக்கு வாங்கி வைத்த பாஸ் என் சட்டைப் பையிலேயே இருந்தது மச்சான். இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நம் பக்கத்தில் எழவு வீட்டில் வாய் வார்த்தைக்கு வேலையே இல்லை. போகிறவன் இரண்டு கையையும் நீட்டுவான், வீட்டுக்காரன் தொட்டுக்கொள்வான். அவ்வளவுதான், துக்கம் கேட்டாயிற்று. ஜென்மப் பகையாளிகூட அன்றைக்கு வந்து கையைக் கொடுத்துவிட்டுப் போவான். கை கொடுக்காதவனை ஊர் மறக்காது. நான் போனில் கேட்டேன். போனில் கையை எப்படிக் கொடுப்பது?

காரியம் முடிந்த மறு வாரம் நீயே வந்தாய். மொட்டைத் தலை, முகத்தில் மாஸ்க். வண்டியை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்து கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றாய்.

“நீ வல்ல. அதான் நானே வந்தேன்” என்று சொல்லி, கம்பிக்கு நடுவில் இரண்டு கையையும் விட்டு நீட்டினாய். துக்க வீட்டுக்காரன் அடுத்தவன் வாசலுக்கு வந்து கை நீட்டி நான் கேள்விப்பட்டதே இல்லை. எந்த ஊர் வழக்கத்திலும் அது கிடையாது. எனக்காக நீ வழக்கத்தையே திருப்பிப் போட்டாய்.

நான் என்ன செய்தேன்? இரண்டு எட்டுப் பின்னால் போனேன். கும்பிட்டேன். “உள்ள நாப்பதாயிரம் கோழி கெடக்குது மச்சான், வெளியாளச் சேக்கறதில்ல” என்றேன்.

பக்கத்துப் பண்ணையில் சீக்கு என்றால் கூடப் பிறந்தவன் வந்தாலும் கேட்டுக்கு அக்கட்டால நிறுத்திப் பழகிய வாய். அந்த நேரத்துக்கு அதுதான் வந்தது. நீ கையை உடனே எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாய்.

“இது கோழிச் சீக்கு இல்லடா மாப்ள. பேருலயே சனங்கன்னு இருக்குதுன்னு அன்னைக்கே சொன்னனே” என்றாய். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். பிறகு கையை எடுத்து, பழக்கதோஷமாகச் செருப்பைத் தொட்டியில் நனைத்துவிட்டுத் திரும்பிப் போனாய்.

எனக்கும் தெரியாதா மச்சான், அது கோழிக்கு வருகிற சீக்கு இல்லை என்று? நான் பயந்தது எனக்காக. கோழியைச் சாக்காகச் சொன்னேன். எல்லாச் சனமும் என்று நீ சொன்னாயே, அதில் என்னை மட்டும் கழித்துக்கொண்டு, கேட்டைச் சாத்தினால் தப்பித்துவிடலாம் என்று நினைத்தேன். ஒரு பண்ணையைக் காப்பாற்றத் தெரிந்தவன் என்ற திமிர். வேறென்ன?

அடுத்த வருஷம் உனக்கு வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரே ஒரு தரம் பேசினாய். மூச்சு இழுத்து இழுத்து வந்தது. “மச்சான், அன்னைக்கு கேட்டுல…” என்று நான் ஆரம்பித்தேன். நீ முடிக்க விடவில்லை.

“கோழியெல்லாம் சௌக்கியமா?” என்றாய்.

குத்திக் காட்டினாயா, கேலி செய்தாயா, நிஜமாகத்தான் விசாரித்தாயா, எனக்குத் தெரியவில்லை. “நீ மொதல்ல வெளிய வா” என்று மட்டும் சொன்னேன். நீ வரவில்லை. உன்னை வீட்டுக்குக்கூடக் கொண்டு வரவில்லை, கட்டிய கட்டோடு நேராகச் சுடுகாட்டுக்குக் கொண்டு போனார்கள்.

அன்றைக்கே ஓடி வந்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. மூன்று மாசம் கழித்துத்தான் வந்தேன். உன் மகன் கதவைத் திறந்தான். கல்லூரி முடித்த பிள்ளை, உன்னைப் போலவே உயரம். நான் இரண்டு கையையும் நீட்டினேன். அவன் இரண்டு எட்டுப் பின்னால் போய், “வாங்க மாமா” என்று கும்பிட்டான். அவன்மேல் என்ன தப்பு? நான் கையை மடக்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். உன் வீட்டம்மா காப்பி கொண்டு வந்து வைத்தது. குடித்தேன்.

இப்போதெல்லாம் சுற்றுவட்டாரத்தில் எந்த எழவானாலும் போய்விடுகிறேன். தெரிந்தவர், தெரியாதவர் என்று பார்ப்பதில்லை. “உங்களுக்கு அவங்க என்ன வேணுமுங்க?” என்று கேட்கிறார்கள். ஒரு உறவும் இல்லை என்று சொல்லிவிட்டுக் கையை நீட்டுகிறேன். தொடுகிறார்கள். அந்தச் சூடு கையில் இருக்கும்போதே உன் கைதான் ஞாபகம் வருகிறது, கம்பிக்கு நடுவில்.

ஆஸ்பத்திரியிலிருந்து நீ கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. சொல்லிவிடுகிறேன்.

கோழியெல்லாம் சௌக்கியம் மச்சான். ஒண்ணுக்கும் ஒண்ணும் ஆகலை.