ஐனாரின் பதக்கம்

06.02.2006, திங்கள்

வேலையால் வந்து சப்பாத்துக் கழற்ற முன்னமே தொலைபேசி அடித்தது. ஐனாரின் மனைவி. இரண்டு வருடத்துக்குப் பிறகு அந்தக் குரல்.

நாங்கள் முந்தி இருந்த ஊரின் தீயணைப்புப் படையில் ஐனார் முப்பது வருடம் தொண்டு செய்துவிட்டாராம். இந்த மாதம் இருபத்தைந்தாம் திகதி பதக்கம் கொடுக்கிறார்களாம். அவர் வாங்கமாட்டேன் என்கிறாராம்.

"உங்கள் வீட்டுத் தீயால்தான். நான் உங்களை அழைத்தது அவருக்குத் தெரியாது," என்றார்.

நான் என்ன செய்ய? வாங்கச் சொல்லிக் கெஞ்சவோ? என் கணவரை எரிகிற வீட்டுக்குள்ளே விட்டுவிட்டு வாசலில் நின்ற மனிசனுக்குப் பதக்கம்!

தொலைபேசியை வைத்துவிட்டேன்.

07.02, செவ்வாய்

அந்தக் காலை திரும்பத் திரும்ப வருகிறது.

இவர் பேக்கரியில் இரவு வேலை முடித்து மேல்மாடியில் படுத்திருந்தார். மகள் துஷ்யாவைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத் திரும்பினால் யன்னலெல்லாம் புகை. படை கெதியாகத்தான் வந்தது. படை என்ன படை, மாட்டுக் கொட்டிலிலும் தச்சுப் பட்டறையிலும் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்த ஊராட்கள். ஐனார் அவர்களுக்குத் தலைவர். உள்ளே ஓடப்போன என்னை இறுக்கிப் பிடித்தார். காற்றுச் சிலிண்டர் மாட்டிய இரண்டு பெடியள் வாசலில் நின்றார்கள். அவர்களையும் போகவேண்டாம் என்று கத்தினார்.

பிறகு கூரை விழுந்தது. என்ரை பிலேந்திரன் அதற்குள்ளே.

பொலிஸ், டொக்டர், பாதிரியார் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள்: நித்திரையிலேயே போய்விட்டார், ஒன்றும் தெரிந்திருக்காது. ஐனார் மட்டும் எதுவுமே சொல்லவில்லை. ஏன்?

09.02, வியாழன்

அந்த அழைப்பையும் ஐனார் அன்று எதுவும் சொல்லாததையும் துஷ்யாவிடம் சொன்னேன். அவள் சொன்னாள்: "போய்க் கேளுங்கோ அம்மா. கேக்காமல் இருந்து இருந்து நீங்கள்தான் தேஞ்சு போறியள்."

"நீயும் வாறியோ?"

"ஓம், வாறன்."

11.02, சனி

பழைய ஊருக்குப் போனோம். லில்லெஸ்ட்ரோம் வரை ரயில், பிறகு பஸ். எங்கள் வீடு இருந்த இடத்தில் வெறும் பனி. துஷ்யா என் கையை விடவில்லை.

பிறகு ஐனார் வீடு. அவர் மெலிந்துபோயிருந்தார். கோப்பி ஊற்றும்போது மேசையில் சிந்தினார். இடுப்பில் படையின் அழைப்புக் கருவி. அது அடித்தால் உடனே ஓடவேண்டும் என்பதால் இத்தனை வருடத்தில் ஒரு கோடைக்குக்கூடத் தாங்கள் சேர்ந்து வெளியூர் போனதில்லை என்றார் மனைவி. அதைக் கேட்கவா நான் வந்தேன்?

நேராகக் கேட்டேன். "நீங்கள் வந்தபோது இவர் உயிரோடு இருந்தாரா?"

மனைவி பாத்திரம் கழுவுவதை நிறுத்தினார்.

"தெரியாது," என்றார் ஐனார். "இருந்திருக்கலாம். மாடிப்படி எரிந்துகொண்டிருந்தது. அனுப்பினால் அந்த இருவரும் திரும்பமாட்டார்கள் என்று நினைத்தேன். அதனால்தான் நிறுத்தினேன். உங்கள் கணவர் இறந்துவிட்டார் என்று தெரிந்து நிறுத்தவில்லை."

கோப்பியைத் தொடாமல் எழும்பி வந்துவிட்டேன்.

12.02, ஞாயிறு

இருந்திருக்கலாம். இருந்திருக்கலாம். ஐயோ, என்னைக் கூப்பிட்டிருப்பாரோ?

16.02, வியாழன்

வேலைக்குப் போகவில்லை. துஷ்யா சோறு போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் இருந்தாள். அவளைப் பார்த்துத்தான் கத்தினேன்.

"அந்தாளுக்கு ஒரு பொய் சொல்ல ஏலாமல் போச்சே! எல்லாரும் சொன்ன பொய்தானே!"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பியளோ அம்மா?"

சோற்றை எடுத்துச் சாப்பிட்டேன். நம்பியிருக்கமாட்டேன். மற்றவர்கள் சொன்னதையும்தான் ஒருநாளும் நம்பவில்லை. ஆனால் அந்தப் பொய்யைச் சொல்லியிருந்தால் ஐனாருக்கு எவ்வளவு லேசு. சொல்லிவிட்டுப் பதக்கத்தையும் வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். அந்த மனிசன் அதைச் செய்யவில்லை.

17.02, வெள்ளி

ஐனாருக்குத் தொலைபேசி எடுத்தேன். "பதக்கத்தை வாங்குங்கள். நான் வருவேன். மேடையில் எங்களைப் பற்றி ஒருவரும் கதைக்கக் கூடாது."

"சரி," என்றார். நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும்.

25.02, சனி

ஊர் மண்டபம். கடைசி வரிசையில் நானும் துஷ்யாவும். ஐனாரின் பெயரைக் கூப்பிட்டதும் சனம் முழுக்க எழும்பிக் கை தட்டியது. நானும் எழும்பி நின்றேன். கை தட்ட வரவில்லை. பதக்கத்தைக் குத்தும்போது அவர் நிலத்தையே பார்த்தபடி நின்றார்.

வெளிக்கிடும் நேரம் ஓர் இளைஞன் வழியில் வந்து நின்றான். பெயர் ஸ்டியான். தோளில் ஒரு கைப்பிள்ளை.

"அன்று உங்கள் வாசலில் நின்ற இருவரில் நான் ஒருவன்," என்றான்.

நான் துஷ்யாவின் கையைப் பிடித்தேன்.

"போகத்தான் வேண்டும் என்று ஐனாரோடு சண்டை பிடித்தேன். பிறகும் ஒரு வருடம் அவரோடு பேசவில்லை. இவள் பிறந்த பிறகுதான் அவரிடம் போனேன்." பிள்ளையை என்னிடம் நீட்டினான்.

வாங்கினேன். பெண் பிள்ளை. என் கழுத்தடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அப்படியே கிடந்தது. நான் திருப்பிக் கொடுக்கும்வரை ஸ்டியான் கை நீட்டவில்லை.

பஸ்ஸில் துஷ்யா கேட்டாள். "என்னம்மா, ஒண்டும் கதைக்காமல் வாறியள்?"

"அந்தப் பெடியன்ரை பிள்ளை நல்ல பாரமடி," என்றேன்.