பெய்யினின் விரல் அளவு

2008 மார்ச் 6, வியாழன்

கூட்டம் மூன்று மணி நேரம் ஓடியது. வெளிநாடுகளிலிருந்து வந்த புகார்களை கோ வாசித்தார். அவர் எங்கள் திட்டத் தலைவர். மேலிடத்தில் திட்டு வாங்கித் திரும்பும் நாளிலும் சிரித்த முகம். இந்தக் குட்டி நெட்புக் கம்ப்யூட்டர் ஐந்து மாதத்தில் நாங்கள் நினைத்ததைப் போல மூன்று மடங்கு விற்றிருக்கிறது. ஏழு அங்குலத் திரை, ஒரு கிலோவுக்கும் குறைந்த எடை, பிள்ளைகள் புத்தகப் பையில் போட்டுக்கொண்டு போகலாம். ஆனால் வாங்குகிறவர்கள் பிள்ளைகள் இல்லை. தடித்த விரல்காரர்கள். "ஒரு எழுத்தைத் தட்டினா மூணு எழுத்து வருதாம். ஜெர்மன்காரன் ஒருத்தன் பென்சில் முனையால தட்டுறேன்னு எழுதியிருக்கான்," என்றார் கோ. எல்லோரும் சிரித்தார்கள்.

அடுத்த மாடலுக்குத் திரை ஒன்பது அங்குலம். கீபோர்டையும் அகலமாக்கலாமா என்று என்னைப் பார்த்தார். கீபோர்டு என் பொறுப்பு. விசைகளை வார்க்கப் புது அச்சு வெட்டப் பதினான்கு வாரம் ஆகும், பழையதே இருக்கட்டும் என்றேன். பதினான்கு வாரம் என்பது உண்மை. முனைந்தால் பத்து வாரத்தில் முடியும் என்பதும் உண்மை.

2008 மார்ச் 9, ஞாயிறு

ஏன் அப்படிச் சொன்னேன்?

எழுதிவிடுகிறேன். 2006 டிசம்பர். மூன்று அளவில் செய்த மாதிரிக் கீபோர்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தேன். என் மகள் பெய்யினுக்கு அப்போது பதினொரு வயது. ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது எலிக்கு. இது அப்பாவுக்கு. இது எனக்கு," என்றாள். தனக்கானதை மடியில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் தட்டினாள். வெறும் பிளாஸ்டிக், எதையும் எழுதாது. என்ன எழுதுகிறாய் என்றேன். ரகசியமாம். அவள் ஆள்காட்டி விரலை அளந்தேன். மறுநாள் அந்த எண்தான் வரைபடத்தில் ஏறியது. நூற்றிருபது பேரின் கை அளவுகளை வைத்து முடிவு செய்ததாக அறிக்கை சொல்கிறது. அளந்ததும் உண்மைதான். முடிவு செய்தது மட்டும் அவள்.

2007 ஜூன். கடலுக்கு அப்பால், எங்கள் சூசோ ஆலையில் முதல் சோதனை உற்பத்தி; நான் அங்கே இருந்தேன். செவ்வாய்க்கிழமை என் கணவர் ஜுய்யுவான் போன் செய்தார். பிள்ளைக்குக் காய்ச்சல், மூச்சு வாங்குகிறது. வெள்ளிக்கிழமை வந்துவிடுகிறேன் என்று சொன்னேன். வியாழக்கிழமை காலை அவள் இல்லை. இதயத் தசையில் அழற்சி என்று எழுதிக் கொடுத்தார்கள்.

இதற்கு மேல் இன்று வேண்டாம்.

2008 ஏப்ரல் 4, வெள்ளி

கல்லறைகளைத் துடைக்கும் நாள். சாம்பல் கலசங்களை வைக்கும் மலையடிவாரத்துக் கோபுரத்துக்குப் போனோம். பெய்யின் ஆறாவது மாடியில் இருக்கிறாள். பெற்றவர்கள் பிள்ளையை வணங்கக் கூடாது. நானும் ஜுய்யுவானும் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். ஊதுபத்தி ஏற்றியது சுயுவே. எரியூட்டிய அன்றும் எங்களை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு அவள்தான் கூடப் போனாள்.

சுயுவே ஜுய்யுவானின் அக்கா. ஐம்பத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை. சான்சோங் பகுதியில் இவர்களுடைய பழைய வீட்டில், கீழே காலைச் சிற்றுண்டிக் கடை நடத்துகிறாள். மாடியில் குடும்பத்தின் முன்னோர் மாடம். அதற்கு இரண்டு வேளையும் ஊதுபத்தி ஏற்றுவதும் அவள்தான்.

திரும்பும்போது பேருந்தில் சொன்னாள்: "போன வாரம் புள்ள கனவுல வந்தா. கடை வாசல்ல நிக்கறா. அதே பள்ளிக்கூடச் சட்டைதான், ஆனா கை வளந்து மணிக்கட்டுக்கு மேல ஏறிக் கெடக்கு. பேசல. பாத்துக்கிட்டே நின்னா."

நான் இயந்திரவியல் படித்தவள். துக்கமும், செத்த பிள்ளைகளும் வளரும் என்ற நம்பிக்கையும் சேர்ந்தால் இப்படித்தான் கனவு வரும் என்று எனக்கே விளக்கிக்கொண்டேன். விளக்கம் சரிதான்.

ஆனால் ஏன் அவளிடம் போனாள்? பத்து மாதமாக எனக்கு ஒரு கனவுகூட இல்லை. என்னைப் பற்றி ஏதாவது — என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை.

2008 அக்டோபர் 14, செவ்வாய்

ஒன்பது அங்குலத்தில் ஜெயித்தேன். அதே விசைகள்தான் போயின. பத்து அங்குலத்தில் தோற்றேன். கோ மேசை மேல் குனிந்து, யாருக்கும் கேட்காமல், "ஷுலான் அக்கா, இந்தச் சின்ன விசைக்காக ஏன் இப்படி மல்லுக்கு நிக்கறீங்க?" என்றார். அவர் சிரிக்கவில்லை. புது வரைபடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

பழைய அச்சை உருக்கிவிடச் சம்மதம் என்ற தாளும் அதே கோப்பில் இருந்தது. அதிலும் போட்டேன்.

2009 பிப்ரவரி 19, வியாழன்

ஆயுள் சோதனை அறையில் ரப்பர் விரல்கள் வரிசையாக இறங்கி விசைகளைத் தட்டுகின்றன. ஒரு விசைக்கு ஐம்பது லட்சம் தடவை. சீராகத் தட்டவேண்டும். ஆறாவது இயந்திரம் சீராகத் தட்டவில்லை — இரண்டு வேகமாக, ஒரு நிறுத்தம், மறுபடி ஒன்று. யோசித்து யோசித்துத் தட்டுகிறவர்கள் தட்டுவது போல.

பழுது என்று எழுதிக் கொடுத்தேன். வந்து பார்த்த பையனுக்கு ஒரு பழுதும் தெரியவில்லை.

2010 ஆகஸ்ட் 22, ஞாயிறு

பேய் மாதம், இறந்தவர்களுக்குக் காகிதச் சாமான் எரிக்கும் காலம். சுயுவே என்னைக் காகித வேலைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். பெய்யினுக்கு எரிக்க ஒரு கம்ப்யூட்டர் வேண்டுமாம். "உடுப்பு பத்தலன்னு நிக்கறா, உடுப்பு எரிச்சாச்சு. இந்த வயசுப் புள்ளைங்கல்லாம் கம்ப்யூட்டரும் கையுமாத்தான் இருக்கு. அம்மாவே செய்யற சாமான், இவளுக்கு மட்டும் இல்லையா?"

கடைக்காரர் அலமாரியிலிருந்து இரண்டு காகித நெட்புக்கை எடுத்து வைத்தார். எங்களுடையதுதான், எங்கள் பெயரில் மட்டும் ஒரு எழுத்து மாற்றி. எந்த மாடல் வேணும் என்றார். சுயுவே, "பத்து அங்குலம். பதினஞ்சு வயசாச்சு," என்றாள்.

நான் கையில் வாங்கிப் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்லத்தான் வாங்கினேன். விசைகள் எல்லாம் ஒரே அளவில் கட்டம் கட்டமாக அச்சாகியிருந்தன; ஒரு வரிசையே குறைவு. "இதுல எப்படிங்க தட்ட முடியும்?" என்றேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இதுவரைக்கும் யாரும் திருப்பிக் கொண்டாந்ததில்லம்மா."

சுயுவே சிரித்த சிரிப்பில் தெருவே திரும்பியது. நானும் சிரித்துவிட்டேன். பிறகு — இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது — அலுவலகத்துக்குப் போய்க் கீபோர்டின் முழு அளவு வரைபடத்தை அச்செடுத்து வந்து கொடுத்தேன். ஒட்டித் தரச் சொன்னேன்.

2011 நவம்பர் 3, வியாழன்

இந்த வருஷ மாடல் முந்தையதைவிட மெலிது, மலிவு, ஆறு நிறம். யாரும் புகார் சொல்வதில்லை. யாரும் எதுவுமே சொல்வதில்லை. எல்லோரும் டேப்லெட் என்கிற கண்ணாடிப் பலகையைத் தேய்க்கிறார்கள். அதில் விசையே கிடையாது.

சுயுவே மறுபடி பெய்யினைக் கனவில் பார்த்தாளாம். முடி தோளுக்குக் கீழே. என் உயரம் இருக்கிறாளாம். எழுதி வைத்துக்கொள்கிறேன். ஏன் என்று தெரியவில்லை.

2012 செப்டம்பர் 2, ஞாயிறு

சண்டை.

சுயுவே கடையை மூடிவிட்டுப் பேச உட்கார்ந்தாள். பெய்யினுக்குப் பதினேழு ஆகிவிட்டது, அவள் வாசலைத் தாண்டி உள்ளே வருவதில்லை, ஏன் என்று இப்போது புரிந்துவிட்டது என்றாள். கல்யாணம் ஆகாத பெண்ணின் பெயரைப் பிறந்த வீட்டு மாடத்தில் ஏற்றமாட்டார்கள். அவளுக்கு உள்ளே வர வீடு இல்லை. ஆகவே சிவப்பு உறையில் அவள் படத்தையும் பிறந்த தேதியையும் போட்டுச் சாலையோரம் வைக்கவேண்டும். எடுக்கிறவன் மாப்பிள்ளை. அவன் வீட்டு மாடத்தில் இவள் பெயர் ஏறும்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. யாருன்னே தெரியாத எவனோ ரோட்ல குனிஞ்சு எடுப்பானாம், என் பொண்ணு அவனுக்குப் பொண்டாட்டியாம்! பன்னெண்டு வயசுல போனவ! உங்க கனவுக்கு என் பிள்ளையக் கட்டிக் குடுக்கணுமா, கல்யாணம் இல்லாட்டி என்ன குடி முழுகிடும் என்று கத்தினேன்.

அவள் கத்தவில்லை. மேசையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "என்ன ஆகும்னு என்கிட்டயா கேக்கற ஷுலான்? நாப்பது வருஷமா மேல இருக்கறவங்களுக்கு நான்தான் சோறு வைக்கறேன். நான் போனப்புறம் என் பேரை எங்க வைப்பாங்கன்னு நெனக்கற?"

2012 செப்டம்பர் 4, செவ்வாய்

இருபது வருஷம் அந்த வீட்டுக்குப் போய் வருகிறேன். ஒரு தடவைகூட அது எனக்குத் தோன்றவில்லை.

2012 செப்டம்பர் 9, ஞாயிறு

ஜுய்யுவானிடம் சொன்னேன். சிவப்பு உறை வேண்டாம். பெய்யின் பெயர் உங்கள் வீட்டு மாடத்தில் ஏறட்டும். உங்கள் அக்காவுக்கும் ஒரு நாள் அங்கேதான் இடம்.

இவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. சித்தப்பா ஒத்துக்கமாட்டார் என்றார். நீங்கதானே ஒரே ஆம்பளப் பிள்ளை, யார் கையில அந்த மாடம் இருக்கு என்றேன். செய்தித்தாளை மடித்தார். மறுபடி பிரித்தார்.

"உனக்குத்தான் இதிலெல்லாம் நம்பிக்கை இல்லையே."

"இல்ல. ஆனா அவ வாசல்ல நிக்கறா."

என் வாயிலிருந்தா வந்தது?

2013 ஜனவரி 8, செவ்வாய்

இனி இந்த வரிசையில் புது மாடல் இல்லை. கோ அறைக்கு வந்து சொன்னார். சூசோவில் கடைசித் தொகுதியும் முடிந்துவிட்டதாம். என்னைக் கண்ணாடிப் பலகைப் பிரிவுக்கு மாற்றுகிறார்கள். அங்கே எனக்கு என்ன வேலை என்றேன். "உறை," என்றார். ஆறு வருஷத்தில் மொத்தம் எத்தனை செய்தோம் என்று அவருக்கு மனப்பாடம். கோடிக் கணக்கு. அந்தச் சின்ன விசைகளோடு போனவை அதில் எவ்வளவு என்று கேட்க நினைத்தேன். உலகத்தில் எங்கெங்கோ மூலையில் கிடக்கும். யாராவது விரல் வைத்துப் பார்த்து, யார் கைக்குச் செய்தார்கள் இதை என்று யோசித்திருப்பார்களா?

2013 மார்ச் 3, ஞாயிறு

ஜுய்யுவான் யாரிடமும் சொல்லாமல் பூசாரியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். முன்னோரின் சம்மதம் கேட்க இரண்டு பிறைக் கட்டைகளை வீசவேண்டும். ஒன்று மல்லாந்தும் ஒன்று கவிழ்ந்தும் விழுந்தால் சரி என்று பொருள். மூன்று தடவை தொடர்ந்து விழவேண்டும். இவர் வீசினார். முதல் தடவையே இரண்டும் கவிழ்ந்து விழுந்தன. இவர் முகம் வெளுத்துவிட்டது.

சுயுவே கட்டைகளை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு மாடத்தைப் பார்த்துப் பேசினாள், கடைக்கு வருகிறவர்களிடம் பேசுகிற அதே குரலில். "கேக்கறது நான். தெனம் சோறு வைக்கறவ. அவ சின்னப் புள்ள, ஒரு ஓரமா உக்காந்துக்குவா. யோசிச்சுச் சொல்லுங்க."

மூன்று தடவையும் விழுந்தது. எட்டில் ஒரு பங்கு வாய்ப்பு. குறித்து வைக்கிறேன், அவ்வளவுதான்.

மாடத்து மரப்பெட்டிக்குள் ஆளுக்கொரு மெல்லிய மரச்சீட்டு. பூசாரி பெய்யினின் பெயரை எழுதி உள்ளே வைத்தார். அதற்குப் பக்கத்தில் ஜுய்யுவான் எழுதாத சீட்டு ஒன்றையும் வைக்கச் சொன்னார். சித்தப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றார். சுயுவே பார்த்தாள். "என்னை அனுப்பறதுக்கு அவ்வளவு அவசரமாடா தம்பி?" என்று கேட்டுவிட்டுக் கீழே சமையலறைக்குப் போனாள். தண்ணீர் கொதித்து முடிந்து வெகு நேரம் ஆகியும் அவள் மேலே வரவில்லை.

2013 ஏப்ரல் 21, ஞாயிறு

கனவு ஏதாவது வந்ததா என்று சுயுவேயைக் கேட்டேன். இல்லையாம். உள்ளே வந்துவிட்டாள், இனி ஏன் வாசலில் நிற்கப் போகிறாள் என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

நல்லதுதான்.

2013 மே 19, ஞாயிறு

இல்லை.

2013 ஜூன் 2, ஞாயிறு

இல்லை. இதுதானே நான் கேட்டது? இதற்குத்தானே சண்டை போட்டேன்? ஆனால் இப்போது அவள் எவ்வளவு உயரம் என்று சொல்ல யாரும் இல்லை. ஐந்து வருஷமாக எனக்குத் தெரிந்துகொண்டிருந்தது. அது போய்விட்டது. என் பிள்ளையை நானே உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டேனா?

2013 ஜூன் 23, ஞாயிறு

காலையில் கடையில் கூட்டம். கல்லின் முன் நின்று முட்டை ரொட்டி போட்டுக்கொண்டிருந்தாள் சுயுவே. நான் எதுவும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று முடிவு செய்துதான் போயிருந்தேன். சோயாப்பாலை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"நேத்து வந்தா," என்றாள், கல்லைப் பார்த்து.

முடியைக் கழுத்து வரைக்கும் வெட்டிக்கொண்டிருக்கிறாளாம். கல்லூரியில் சேரப் போகிறாளாம். உட்கார்ந்து நிறையப் பேசினாளாம்.

இத்தனை வருஷத்தில் சுயுவேயின் கனவில் பெய்யின் ஒரு வார்த்தை பேசியதில்லை. சுயுவேக்குப் பொய் சொல்லத் தெரியாது. ரொட்டியைத் திருப்பிப் போட்டாள், மறுபடி திருப்பினாள், கருகுகிற வரைக்கும் நிமிரவில்லை.

"என்னைக் கேட்டாளா அக்கா?"

"கேட்டா."

வீட்டுக்கு வந்ததும் எழுதி வைத்துக்கொண்டேன்: முடி, கழுத்து வரை.