படிவத்தில் இல்லாத மகள்

மாத்தளை,
18.10.2000

அன்புத் தங்கச்சி ஸுபைதாவுக்கு, உன் ராத்தா கைறுன்னிஸா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் உதவியால் நானும் ஆஸியாவும் சுகம். நீயும் நுஹ்மான் மச்சானும் பையன்கள் இருவரும் கனடாவில் சுகமாக இருக்க ஐந்து நேரமும் துஆ கேட்கிறேன்.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. விமான நிலையத்தில் அந்த அதிகாரி வதிவிட முத்திரையைக் குத்திவிட்டு நல்வரவு என்று சொன்னதும் மச்சான் அழுதுவிட்டார் என்று எழுதியிருந்தாய். அழத்தானே வேண்டும். மூன்று வருடமாக அந்த மனுஷன் பட்ட பாட்டை நான் பார்க்கவில்லையா? மிளகும் கராம்பும் வாங்கி விற்கிறவன் எந்தக் காலத்தில் ரசீதை அடுக்கி வைத்திருந்தான்? பதினைந்து வருட வியாபாரமும் நேர்மையாக வந்த பணம்தான் என்று காட்டச் சொன்னதும், அவர் பழைய சாக்குகளுக்குள் கையை விட்டுத் துண்டுக் காகிதம் தேடியதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. யட்டவத்தையில் இருந்த காணி, டவுன் கடை, நீ மருமகளாகப் போன வீடு, எல்லாவற்றையும் விற்று அந்த அரசாங்கத்தின் கையில் ஐந்து வருடத்துக்கு வைத்தாயிற்று. முதலீட்டு விசா என்று சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்து நம் குடும்பத்தில் காசு கொடுத்து ஒரு நாட்டுக்குள் போனவர் மச்சான் ஒருவர்தான்.

ஆஸியா உங்களைக் கேட்டபடிதான் இருக்கிறாள். பன்னிரண்டு வயதாகிறது, இன்னும் உன் பையன்கள், அவளுடைய நானாமார், எப்போது வருவார்கள் என்று கேட்டால் நான் என்ன சொல்வது? இங்கே வழியனுப்ப வந்தபோது நீ அவளைக் கட்டிப்பிடித்தது அவளுக்குப் புரியவில்லை. வான் வண்டியில் வீட்டுக்குத் திரும்பி வரும்போது, “சாச்சி புடிச்ச புடியில எனக்கு மூச்சு முட்டிச்சு உம்மா” என்று சொன்னாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். உன்னைச் சாச்சி என்றும் என்னை உம்மா என்றும் கூப்பிடுகிறவளுக்கு, நீதான் பெற்றாய் என்பது தெரியும். ஆனாலும் அது அவளுக்குப் பள்ளிக்கூடப் பாடம் மாதிரி தெரிந்த விஷயம்தான்.

ஃபோனில் சொல்ல வாய் வராததை எழுதுகிறேன். எனக்குப் பிள்ளை இல்லை என்று, பெற்ற நாற்பதாம் நாள் நீ அவளை என் மடியில் வைத்தாய். எழுத்து இல்லை, சாட்சி இல்லை. கூடப் பிறந்தவர்களுக்கிடையில் யார் கடுதாசி எழுதிக்கொள்வார்கள்? பிறப்புச் சான்றிதழில் மட்டும் உங்கள் இருவரின் பெயர். கொழும்பு ஏஜன்ட் உன் வீட்டுக்கு வந்து படிவம் நிரப்பிய அன்று, பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டான். மச்சான் மூன்று என்று சொல்ல வாயெடுத்தார். நான் தேத்தண்ணீர்த் தட்டோடு கதவடியில் நின்றேன். என்ன வந்ததோ தெரியாது, “ரெண்டு புள்ளைகள்தான் தம்பி. ஆஸியா என்ட மகள்” என்று சொல்லிவிட்டேன். அவன் இரண்டு என்று எழுதிக்கொண்டான்.

மூன்றாவது பெயர் அந்தத் தாளில் ஏறினால் அவளுக்கும் வைத்தியப் பரிசோதனை, அவளுக்கும் விசா, பிறகு அவளுக்கும் ஒரு டிக்கட் என்று போய்விடும் என்று பயந்தேன். மச்சான் உன்னைப் பார்த்தார். நீ நிலத்தைப் பார்த்தாய். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனத்துக்கு நான் உனக்கு நன்றி சொன்னதே இல்லை. இப்போது சொல்கிறேன். அல்லாஹ் உனக்கு அங்கே பரக்கத்துச் செய்வானாக.

குளிருக்குக் காதை மூடிக்கொள். மச்சானுக்குச் சீனியைக் குறை. வஸ்ஸலாம்.

உன் ராத்தா,
கைறுன்னிஸா


மாத்தளை,
05.06.2004

அன்புத் தங்கச்சிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

முதலில் கெட்ட செய்தியைச் சொல்லிவிடுகிறேன், நடுவில் ஒளித்து வைத்தால் நீ பக்கத்தைத் தாண்டி வாசிப்பாய். மார்பில் கட்டி என்று சொன்னேனே, அது கெட்ட கட்டிதான். மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறேன். ஒரு பக்கம் எடுத்தாயிற்று. தலைமுடியும் போய்விட்டது. முக்காடு போடுகிற சாதியில் பிறந்ததன் பலன் இப்போதுதான் தெரிகிறது.

ஆஸியாவைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். என் கணவர் ஸெய்னுலாப்தீன் மௌத்தாகி அடக்கம் செய்து ஏழு வருடம். இந்த வீடு அவருடைய தம்பி கலந்தருடையது. நான் இருக்கும்வரை இருந்துகொள்ளச் சொன்னார், சொன்ன சொல் மாறவில்லை. ஆனால் எனக்குப் பிறகு? போன வாரம் நானே கூச்சத்தை விட்டுக் கேட்டேன். “எனக்கே மூணு பொம்புளப் புள்ளைகள் மச்சி. நாலாவதுக்கு நான் எங்க போற?” என்று தலையைக் குனிந்துகொண்டார். அவரைக் குறை சொல்ல என்னால் முடியாது. இரத்த உறவில்லாத பெண்ணை எவ்வளவு காலம் வைத்திருப்பார்?

ஆகையால் தங்கச்சி, அவளை நீ கூப்பிட்டுக்கொள். எழுதிவிட்டேன். படிவம் நிரப்பிய அன்று எதற்குப் பயந்தேனோ அதையே இன்று உன்னிடம் கேட்கிறேன். பெற்ற பிள்ளை, பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது, வதிவிட உரிமை உள்ளவர்கள் பிள்ளையைக் கூப்பிடலாம் என்று அங்குள்ள வக்கீல் சொன்னதாக மச்சான் ஃபோனில் சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

இங்கே செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று. நீதிமன்றத்துக்கு எதிரே இருக்கும் நொத்தாரிஸ் சுந்தரலிங்கம் ஐயாதான் சத்தியக் கடதாசி தயாரித்தார். இந்தப் பிள்ளையை நான் பெறவில்லை, சட்டப்படி தத்தெடுக்கவில்லை, இவள்மீது எனக்கு எந்த உரிமையும் இல்லை என்று வாசித்துக் காட்டினார். பேனாவைப் பிடித்தும் எனக்குக் கை ஓடவில்லை. “கடுதாசிக்குத்தாங்க இது, மனசுக்கு இல்லீங்க. கையெழுத்தப் போடுங்கம்மா” என்றார். போட்டேன். ஆஸியா பக்கத்து வாங்கில் உட்கார்ந்து சுவரில் இருந்த கலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் போகமாட்டேன் என்று அடம்பிடித்தாள். உன்னோடு சண்டை ஒன்றும் இல்லை, என்னை விட்டுப் போவது எப்படி என்றுதான். இப்போது மெல்லச் சரிப்பட்டு வருகிறாள். இங்கிலீஷ் டியூஷன் போகிறாள். உன் பழைய ஃபோட்டோவுக்குப் பக்கத்தில் நின்று கண்ணாடி பார்த்து, மூக்கு யாருடையது என்று என்னிடமே கேட்கிறாள். உன்னுடையதுதான் என்று சொன்னேன்.

மச்சான் போட்ட பலசரக்குக் கடை சரியாக ஓடவில்லை என்று எழுதியிருந்தாய். மாத்தளையில் பன்னிரண்டு பேருக்குச் சம்பளம் கொடுத்த மனுஷன் அங்கே யாரோ ஒருவனின் களஞ்சியத்தில் பெட்டி தூக்குகிறார் என்று வாசித்ததும் எனக்கு நெஞ்சு வலித்தது. முதலீட்டாளர் என்று பெயர் வைத்து அழைத்துப்போய் இப்படியா? இருந்தாலும் ஆஸியா வந்தால் அந்த வீட்டில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்கும். அவள் சிரித்தால் தெருக்கோடிக்குக் கேட்கும், இப்போதே சொல்லி வைக்கிறேன்.

எல்லாம் நல்லபடி நடக்க அல்லாஹ் அருள் செய்வானாக. வஸ்ஸலாம்.

உன் ராத்தா,
கைறுன்னிஸா


மாத்தளை,
22.03.2006

அன்புள்ள ஸுபைதாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இந்தக் கடிதத்தை ஆஸியா டியூஷனுக்குப் போன நேரம் பார்த்து எழுதுகிறேன். ஃபோன் கூடத்தில் இருக்கிறது, நான் பேசினால் அவள் கேட்பாள். படுத்தபடி எழுதுகிறேன், எழுத்துக் கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். நோய் எலும்புக்குப் போய்விட்டது. மருந்தை நிறுத்திவிட்டு வலிக்கு மட்டும் குளிசை தருகிறார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

விசா மறுத்த கடிதத்தை எனக்கு வாசித்துக் காட்டியது ஆஸியாதான். என் இங்கிலீஷ் மருந்துப் போத்தலோடு சரி என்பது உனக்குத் தெரியுமே. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒரு வரி வாசித்தாள், ஒரு வரி தமிழில் சொன்னாள். பெற்ற வாப்பா வதிவிட உரிமை எடுத்தபோது தனக்கு இப்படி ஒரு மகள் இருப்பதாகச் சொல்லவில்லையாம். சொல்லாததால் அவர்கள் அவளைப் பரிசோதிக்கவில்லையாம். அப்படி விட்ட பிள்ளையைக் குடும்ப உறவாகக் கூப்பிட அவர்களுடைய சட்டத்தில் இடமில்லையாம். சில ஆண்டு காத்திருந்தால், பணம் கூடக் கட்டினால் கிடைக்கும் என்று ஒன்றும் இல்லை. ஒரேயடியாக இல்லை. அங்குள்ள வக்கீல் கருணை மனு போடலாம், மூன்று வருடம் போகும், கிடைக்கும் என்று சொல்ல முடியாது என்கிறாராம். மூன்று வருடத்துக்கு நான் எங்கே போவேன்?

வாசித்து முடித்துக் கடிதத்தை மடித்து உறைக்குள் போட்டாள். பிறகு என்னைப் பார்த்து, “உம்மா, என்னய எண்ணாமலா விட்டாங்க? வீசாவுக்காகவா?” என்று கேட்டாள். அந்த நேரம் நான் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தும் விட்டேன். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கண்ணீர் வந்தது. அந்தக் கண்ணீரை அவள் பதிலாக எடுத்துக்கொண்டாள்.

உன் கடிதங்களுக்கு ஏன் அவளிடமிருந்து பதில் இல்லை என்று கேட்டு எழுதுகிறாய். ஐந்து கடிதமும் பிரிக்காமல் அலுமாரிக்குள் கிடக்கின்றன. நீ பெருநாளைக்கு அனுப்பிய உடுப்பைக் கலந்தரின் மகளுக்குக் கொடுத்துவிட்டாள். நீ ஃபோன் எடுத்தால் குளிக்கிறாள், தொழுகிறாள், தலைவலிக்கிறது. உன்னைச் சாச்சி என்று கூடச் சொல்வதில்லை, “அவங்க” என்கிறாள். மூணாவதாகப் பிறந்தவளைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால் செலவு குறையும் என்று விட்டவர்கள் என்று சொல்லிச் சொல்லி என் புண்ணைக் கழுவுகிறாள். கழுவும்போது ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. இரவும் பகலும் என் பக்கத்தில் கிடக்கிறாள். “யார் பெத்தாலும் என்ன, என்னய வேணாம்னு சொல்லாத ஆள் நீங்க ஒராள்தானே உம்மா” என்று சொன்னாள். நான் அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். இப்படி ஒரு மனுஷி இருக்கலாமா, சொல்லு.

போன மாதக் கடிதத்தில் நீ எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்பி வருகிறேன், மூன்று பேரும் மாத்தளையில் ஒரு வீடு கூலிக்கு எடுத்து இருப்போம் என்று எழுதியிருந்தாய். அதைப் பக்குவமாக அவளிடம் சொல்லிப் பார்த்தேன். அவங்க இந்த வாசலுக்கு வந்தால் நான் அடுத்த வாசலால் போய்விடுவேன் என்றாள். போகிற இடமும் தயாராக இருக்கிறது. கலேவெலவில் கடை வைத்திருக்கும் ஒருவர், நாற்பது வயது, மனைவி மௌத்தாகி இரண்டு பிள்ளைகள். கலந்தர்தான் இந்தக் கலியாணப் பேச்சைக் கொண்டுவந்தார். கெட்ட எண்ணத்தில் இல்லை, எனக்குப் பிறகு அவள் தெருவில் நிற்கக்கூடாது என்ற எண்ணத்தில்தான். இவள் கத்துவாள், அழுவாள் என்று பார்த்தால், ஆகஸ்டில் சோதனை எழுதி முடியட்டும், பிறகு சரி என்று சொல்லிவிட்டாள். டொக்டராக வேண்டும் என்று படிக்கிறவள். யாருக்கும் வேண்டாத புள்ளை எங்கே போனால் என்ன என்ற நினைப்பில்தான் சொல்கிறாள் என்பது எனக்குத் தெரியாதா?

அவளை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. மச்சான் மூன்று என்று சொல்ல வந்தவர். நீ எனக்காக வாயை மூடியவள். இரண்டு என்று சொன்னது நான். இதை அவளிடம் சொன்னால் அவள் உன் கடிதங்களைப் பிரிப்பாள், நீ வந்தால் கதவைத் திறப்பாள், கலேவெலக்காரரின் பேச்சும் நின்றுவிடும். அவளுக்குக் கனடா இல்லாவிட்டாலும் ஒரு தாய் இருப்பாள். எல்லாம் தெரிந்தும் என்னால் சொல்ல முடியவில்லை, ஸுபைதா. எனக்குப் பயமாக இருக்கிறது. அந்தப் பிள்ளை ஒரு தடவை என்னை வேறு கண்ணால் பார்த்துவிட்டால் அதற்குப் பிறகு இந்தப் படுக்கையில் நான் எதைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன்? கடைசித் தண்ணீரை அவள் கையால்தான் வாங்க வேண்டும்.

அதனால் உன்னிடம் கேட்கிறேன். நான் இருக்கும்வரை அந்தப் பழியை நீயே சுமந்துகொள். அவள் என்ன பேசினாலும் மறுத்துப் பேசாதே. என் மௌத்துச் செய்தி வந்ததும் தாமதிக்காமல் புறப்பட்டு வா. கலந்தரிடம் உனக்கு மட்டும் தனியாகச் சொல்லி அனுப்பும்படி கேட்டிருக்கிறேன். வந்து இந்தக் கடிதத்தை அவள் கையில் கொடு. வாயால் சொன்னால் நம்பமாட்டாள். என் கையெழுத்து அவளுக்குத் தெரியும், முதல் வகுப்பில் அவள் கையைப் பிடித்து எழுத வைத்தது நான்தான்.

ஆஸியா, இதை நீ வாசிக்கும்போது நான் இருக்கமாட்டேன் மகள். உன்னை எண்ணாமல் விட்டது உன் உம்மாவாகிய நான். அவர்கள் இல்லை.

தங்கச்சி, ஒவ்வொரு கடிதத்திலும் எனக்கு நீண்ட ஹயாத்துக் கேட்டு துஆ செய்வதாக எழுதுகிறாய். இனி அப்படிக் கேட்காதே. மௌத்தைக் கேட்பது கூடாது என்று எனக்குத் தெரியும், அதனால் நான் கேட்கவில்லை. சோதனை ஆகஸ்டில் முடிகிறது, முடிந்தால் கலேவெலக் கலியாணம். அதற்கு முன் நீ இங்கே வந்து சேர வேண்டும் என்று மட்டும் அல்லாஹ்விடம் கேள். அவனுக்குப் புரியும்.

வஸ்ஸலாம்.

உன் ராத்தா,
கைறுன்னிஸா