பச்சைப் பொத்தான்

நைனாவுக்கு,

இதை உன் சட்டைப் பையில் வைக்கிறேன். மணலி பஸ்ஸிலேயே படித்துவிடு. குடோன் வாசலில் இறங்கிய பிறகு வேண்டாம்.

உங்கள் ஃபர்னிச்சர் கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்ததை டோல்கேட் வரைக்கும் சொல்லிவிட்டாயாம். அந்த வேலைக்கு ஒரு பரீட்சை வைத்தார்கள். ஷிஃப்டுக்கு முன்னால் ஆட்கள் போனில் அழுத்த வேண்டிய திரையை நான் வடிவமைக்க வேண்டும். யாரும் நின்று படிக்கக் கூடாது, மூன்று நொடியில் அழுத்திவிட வேண்டும் என்றார்கள்.

போன வாரம் உன்னிடம் போனைக் கொடுத்தேனே, அது இதற்குத்தான். உன் கட்டைவிரல் தானாகப் போகிற இடத்தில் பச்சைப் பொத்தானை வைத்திருந்தேன். இரண்டே நொடியில் அழுத்திவிட்டு, "ஷோக்கா கீது கண்ணு, இன்னா சுளுவா கீது!" என்றாய். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நீ கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. எழுதியிருந்தது இதுதான்:

"குடோன் அடுக்குகளை நானே சோதித்துவிட்டேன். எது சரிந்தாலும் நானே பொறுப்பு."

உன்னோடு குடோனில் வேலை செய்கிற கிருஷ்ணப்பன் மாமாவின் காலைப் போன வருஷம் நசுக்கிய அடுக்கைப் பற்றி, "இன்னும் ஆடிக்கினேதான் கீது" என்று நேற்று அம்மாவிடம் நீதானே சொன்னாய்?

என் திரையை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். இன்று காலை எல்லார் போனிலும் வரும். நீ பச்சையைத் தொடாதே. கீழே இடது மூலையில், சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில் ‘சோதிக்கவில்லை’ என்று இருக்கும். அதை அழுத்து. மாமாவுக்கும் காட்டு.

வெறும் கண்ணுக்கு அது தெரியாது. தெரியக் கூடாது என்றுதான் அப்படி வைத்தேன்.

உன் கண்ணாடியும் இதே பையில் இருக்கிறது, நைனா.

உன் பொண்ணு