பூசணிக்காயைப் பெருக்கும்போது கிடைத்த நட்டு

இன்னாங்க,

நல்லா தூங்கறீங்க, எழுப்பல. நம்ம கார் முன்சக்கரத்தைத் தாங்குற சஸ்பென்ஷன் ஆர்மை நீங்களே மாத்திட்டு, ஊரைக் கூட்டிப் பூசணிக்காய் உடைச்சதைக் காவலூரே பேசுது. அதைப் பெருக்கும்போது, நீங்க மாட்ட மறந்த நட்டு ரெண்டு காருக்கடியில கிடைச்சுது. மெக்கானிக் காதர் பாயைக் கூப்பிடலாம்னு நேத்து சொன்னதுக்கு, "உனக்கு இன்னா தெரியும்?"னீங்க. எனக்கு நட்டு தெரியும்.

நாளைக்கு அந்தக் கார்ல மலையிறங்கி ஆஸ்பத்திரிக்குப் போகப்போறது நம்ம நிறைமாசப் பொண்ணு. அதனால சாவியை எடுத்துக்கிட்டு, ஆலங்காயம் பஸ்ல பாயைக் கூட்டியாரப் போறேன்.

சாமைச் சோறும் புளிக்குழம்பும் மூடி வச்சிருக்கேன். சாப்பிடுங்க.

கன்னியம்மாள்

பி.கு.: பாயை வரச் சொன்னதே நீங்கதான்னு பஸ் ஸ்டாண்டுல சொல்லிக்கிறேன். யாராவது கேட்டா நீங்களும் அப்படியே சொல்லுங்க.