மரத்தடியில் பொறுக்கிய காய்

ஜூன் 3

காலை முழுக்க உட்கார்ந்து எழுதியது ஒரே பத்தி. இலைகள் எதிரெதிரே, கசக்கினால் கிராம்பு வாசனை, பூ வெள்ளை, அதன் அடியில் புல்லி இதழ் நான்கு. நாவல், கொய்யா குடும்பத்தில் இதுவரை யாரும் பெயர் வைக்காத மரம். ஒன்பது வருஷமாகப் பூவை மட்டும் காட்டி ஏமாற்றியது. போன மாதம்தான் காய் கிடைத்தது. முப்பதாம் தேதி எனக்கு ஓய்வு. அதற்குள் இதற்குப் பெயர் வைக்கும் கட்டுரை அச்சுக்குப் போயாக வேண்டும். பிறகு இந்த அறையும் நுண்ணோக்கியும் வேறு யாருக்கோ.

ஜூன் 8, ஞாயிறு

அக்கா போன். "இன்னும் அந்த மரத்தையே கட்டிக்கிட்டு அழறியா?" ஆமாம் என்று வைத்துவிட்டேன். இன்று வேறு யாரோடும் பேசவில்லை.

ஜூன் 12

கட்டுரைக்குப் படம் வரைகிற ஓவியர் கூப்பிட்டார். "மேடம், பூவுல புல்லி நாலு. காய் தலையில அஞ்சு இருக்கே, எதை வரையறது?"

"முதல்ல கண்ணாடிய மாத்துங்க!" என்று கத்திவிட்டேன். சே.

ஜூன் 13

கொய்யாவின் தலையில் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்குமே, அதுதான் பூவின் புல்லி. பூவில் நான்கு என்றால் காயிலும் நான்குதான். கொண்டுவந்த பன்னிரண்டு காயிலும் எண்ணினேன். எல்லாவற்றிலும் ஐந்து.

பக்கத்து மரத்துக் காய்! கீழே கிடப்பதைத் தொடாதே, கிளையிலிருந்து பறி என்று எத்தனை பேருக்குப் பாடம் எடுத்தவள் நான்! அன்று முட்டி வலி. ஏற ஆளில்லை. யாரையும் கூப்பிடவும் இல்லை — கூப்பிட யார் இருக்கிறார்கள்? உட்கார்ந்து பொறுக்கிக்கொண்டு வந்தேன். எனக்கு நல்லா வேணும்.

ஜூன் 14

ஐந்தை நான்காக வரையச் சொன்னால்? யார் போய் எண்ணப் போகிறார்கள்?

மதியம் வரை இதே யோசனை. அப்புறம் ஓவியரிடம் மன்னிப்புக் கேட்டேன். "அட, விடுங்க மேடம்" என்றார்.

ஜூன் 28

அனுப்பிவிட்டேன். காய்க்கு எழுதிய பதினோரு வரியும் போய், "காய் பார்க்கப்படவில்லை" என்று ஒரே வரி. வெட்கமாகத்தான் இருக்கிறது. பொய் இல்லை, அவ்வளவுதான்.

ஜூன் 29, ஞாயிறு

நானே அக்காவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். திட்டுவாள் என்று இருந்தேன். அவளோ, "அது எந்த மாசம்டி காய்க்கும்?"

"மே கடைசியா இருக்கலாம். சரியாத் தெரியாதுக்கா."

"அப்போ அடுத்த வருஷம் ஏப்ரல்லயே போயிடலாம். நானும் வரேன். ஏறத் தெரிஞ்ச ஆளு ஒருத்தரையும் கூட்டிக்கலாம்."

ஒன்பது வருஷத்தில் அந்த மரத்தைப் பற்றி அக்கா கேட்ட முதல் கேள்வி. போனை வைத்துவிட்டு நன்றாக அழுதேன்.